வரப்பைத் தின்றவனுக்கும் வழி கிடைத்தது

1991ஆம் வருடம், கார்த்திகை மாதத்து மழை. பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. என் மனைவி எஸ்தர் பிரசவ வலியோடு கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். கட்டிலின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவளுடைய தம்பி டேவிட் கையில். வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போக இருந்த ஒரே வரப்பின் நடுவில் சிக்கிக்கொண்டோம். முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அந்த வழியைக் கெடுத்தவன் வேறு யாருமில்லை, நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தச் சாட்சி. வாசிக்க இனிமையாக இருக்காது.

என் பெயர் ஞானமுத்து. ஊர் பிள்ளைப்பாக்கம். அப்பா சாகுமுன் கழனியை எனக்கும் அண்ணன் அருளப்பனுக்கும் சரிபாதியாகப் பிரித்தார். மேட்டுக் கழனி அண்ணனுக்கு, பள்ளத்துக் கழனி எனக்கு. அண்ணன் வீடு ரோட்டோரம், என் வீடு கழனிக்கு உள்ளே. இரண்டு கழனிக்கும் நடுவில் பொது வரப்பு, ரோட்டுக்குப் போக எனக்கு அதுதான் வழி. இரண்டு பேர் தோளோடு தோள் நடக்கலாம், அவ்வளவு அகலம். "இத்த மட்டும் எவனும் தொடக்கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார்.

நடவுக்கு முன் வரப்பின் பக்கத்தைச் செதுக்குவது எங்கள் வழக்கம். புல்லும் எலி வளையும் அதோடு போகும். செதுக்கின மண்ணைச் சேறாகக் குழைத்து அதே இடத்தில் திரும்பப் பூசிவிட வேண்டும். நான் செதுக்கினேன், பூசவில்லை. ஒவ்வொரு நடவுக்கும் நாலு விரல் மண். வரப்பு மெலிவதைப் பார்த்து அண்ணன் தன் கழனி மண்ணை வெட்டிப் போட்டு அகலப்படுத்தினார். அதையும் செதுக்கினேன். எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு வரிசை நாற்று. அதில் விளைந்தது ஒரு முறம் நெல் தேறாது.

பசியா என்றால் இல்லை. வீட்டில் குதிர் நிறைய நெல் இருந்தது. கம்பெனிகள் வந்தன, நிலம் வாங்கப் புரோக்கர்கள் வந்தார்கள், அதற்குப் பிறகுதான் ஜனங்களுக்குப் பேராசை பிடித்தது என்று இப்போது சபையில் பேசிக்கொள்கிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நான் வரப்பை வெட்டிய காலத்தில் எங்கள் பக்கம் ஒரு புரோக்கரும் எட்டிப் பார்க்கவில்லை. பிசாசு தூண்டினான் என்றும் சொல்லமாட்டேன். மண்வெட்டி என் கையில்தான் இருந்தது.

எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் நிறைய யோசித்தேன். சின்ன வயதில் அம்மா மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அண்ணன் தட்டுக்குப் போகும். அவர் ஏர் பிடிக்கிறவராம். எனக்கு வால் துண்டு. வயிறு நிறைந்த பிறகும் நான் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு மேட்டுக் கழனியும் அவருக்கே போனது. எனக்கு வேண்டியிருந்தது மண் இல்லை, அவருக்குக் குறைய வேண்டும். குறைந்தது என்று தெரிந்தால் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும். பேராசைக்கு நான் கண்ட வேர் இதுதான். உங்களுடையது வேறு என்றால் சந்தோஷம்.

அந்த 1991ஆம் வருடம் ஆடி மாதம் அண்ணன் வரப்பில் நின்று கத்தினார்.

"டேய், வரப்புன்னு நெனச்சியா, தோசைன்னு நெனச்சியா? ஓரத்துலேர்ந்து பிச்சித் துன்னுகினே வர்ற!"

"அளந்து பாத்துக்கோ போ" என்றேன்.

"என் கழனியில காலு வச்சிப் பாரு, வெட்டிப் போட்டுடறேன்."

அதோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் முன்னால் உட்காருவார், நான் கடைசியில். கர்த்தாவே, என் அண்ணன் வாயை அடைத்துப்போடும் என்று கண்ணீர் விட்டு ஜெபிப்பேன். கொஞ்சம்கூட வெட்கம் இல்லாமல் ஜெபித்தேன்.

கார்த்திகை மழையில் என் பள்ளத்துக் கழனியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மேட்டில் கணுக்கால் அளவுதான். அண்ணன் பயிர் பால் பிடித்து அருமையாக நின்றது. வரப்பில் ஒற்றைக் கால் வைக்கத்தான் இடம் மிச்சம். பாதி வழியில் டேவிட் காலடியில் அதுவும் கரைந்து, அவன் என் கழனித் தண்ணீருக்குள் இறங்கிச் சேற்றில் புதைந்துவிட்டான். கட்டில் சாய்ந்தது. எஸ்தர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"மாமா, அந்தப் பக்கம் எறங்கிடலாம் மாமா!" என்றான் டேவிட். அண்ணன் கழனியைத்தான் சொன்னான்.

நான் இறங்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. மனைவி உயிருக்குப் போராடுகிறாள், நான் நின்று யோசிக்கிறேன். அங்கே கால் வைத்தால் வரப்பை வெட்டினது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று யோசிக்கிறேன்.

"ஆண்டவரே, வழி கொடும்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வழியை அவர் ஏற்கெனவே கொடுத்திருந்தார். நான் தின்றுவிட்டேன். "நான்தான் தின்னேன் ஆண்டவரே, எஸ்தரைத் தண்டிக்காதேயும்" என்று ஊருக்கே கேட்கும்படி கதறினேன். அதற்கு முன் நான் செய்ததெல்லாம் ஜெபமே இல்லை.

பதில் திட்டிக்கொண்டே வந்தது. அண்ணன் தன் பயிரை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாடா பாத்துகினு நிக்கிற? எறங்குடா என் கழனியில!"

"அண்ணா, பயிரு..."

"பயிரு கெடக்குது! வூட்டுக்கு வந்த பொண்ணை இங்கியே சாவடிக்கப் போறியா, பாவி?"

டேவிட்டைக் கைகொடுத்து மேலே இழுத்துவிட்டு, அவன் பிடித்திருந்த முனையைத் தானே வாங்கிக்கொண்டார். பால் பிடித்த கதிரெல்லாம் எங்கள் காலடியில் நசுங்கியது. ரோட்டுக்கு வந்ததும் நடுவில் நின்று ஒரு செங்கல் லாரியை மறித்தார். கட்டிலை அதில் ஏற்றினோம். ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. ஆனாலும் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் அண்ணன் காலில் விழுந்தேன். "கர்த்தர்தான் உன்ன அனுப்புனாரு அண்ணா" என்றேன்.

காலை உதறினார். "என்னை எவனும் அனுப்பல. அந்தப் பொண்ணு கத்துனது கேட்டுச்சு, வந்தேன். உன் மூஞ்சிக்காக வர்ல."

தை மாதம் அறுப்பு முடிந்ததும் என் கழனி மண்ணை வெட்டி வரப்பைப் பழைய அகலத்துக்குக் கட்டினேன். அண்ணன் வந்தார். குறுக்கே அடிமேல் அடி வைத்து அளந்தார். "இன்னும் ஒரு சாணு" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு சாண் வெட்டிப் போட்டேன். அப்போதும் என் வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்தப் புத்தி செத்துவிடவில்லை. இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் என் கண் பக்கத்து இலைக்குத்தான் போகிறது. உடனே தலையைக் குனிந்துகொள்கிறேன். கழனி கம்பெனிக்குப் போகும்வரை ஒரு நடவுக்கும் சேறு பூசாமல் விட்டதில்லை. அந்த வரப்பில் என் மகள் தன் பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக நடந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

கஷ்டத்தில் இருக்கும் சகோதரரே, சகோதரியே, கேளுங்கள், கர்த்தர் உதவி அனுப்புவார். ஆனால் முழங்கால் போடுமுன் எழுந்துபோய் உங்கள் வரப்பை ஒரு தடவை பாருங்கள். உதவி அந்த வழியாகத்தான் வர வேண்டியிருக்கும்.

அண்ணன் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவரை அனுப்பிய தேவனுக்கு நன்றி.