தறிக்கு அஞ்சாத குட்டி

என் ஓரகத்தி எல்லம்மாளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எனக்கும் ஒன்றும் குறைச்சலில்லை. ஐயம்பேட்டையில் ஒரே வாசலில் இரண்டு வீடு. அண்ணனைக் கட்டியவள் அவள், தம்பியைக் கட்டியவள் நான். பதினெட்டு வருஷத்தில் நாங்கள் சண்டை போடாத நாள் உண்டென்றால், அன்றைக்கு இருவரில் ஒருத்தி ஊரில் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட நான் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன், பாருங்கள்.

அவளுக்குத் தறி ஒரு கண், நாய் இன்னொரு கண். ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. ‘எல்லம்மா வீட்டு வெள்ளை’ என்றால் ஏனாத்தூர் வரைக்கும் பெயர். எல்லாமே அவள் முதன்முதலில் வாங்கி வந்த ஒரே ஜோடியின் வம்சம். வெளிநாயை வாசற்படி ஏற விடமாட்டாள். அண்ணனுக்குத் தங்கை, அப்பனுக்கு மகள் என்று வீட்டுக்குள்ளேயே சேர்த்து விடுவாள்.

“இன்னாக்கா இது அநியாயம்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“நான் என் சொந்தத் தாய்மாமனத்தானே கட்டிக்கினேன்? எனக்கு இன்னா கொறைஞ்சி போச்சி? போய் உன் அடுப்பப் பாருடி” என்றாள்.

குறையை ஆரம்பித்தால் பொழுது போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

குட்டி பொறுக்குவதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. குட்டிகள் பிறந்து இருபத்தைந்து நாள் வரை பின்கட்டில் இருக்கும். இருபத்தைந்தாம் நாள் காலையில் எல்லாவற்றையும் தூக்கிவந்து தறிக்குப் பக்கத்தில் பழைய மெத்தைமேல் விடுவாள். பிறகு தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து மிதிகட்டையை மிதிப்பாள். மேலே பூ வேலைக்கான ஜக்கார்டு பெட்டி தடால் தடால் என்று அடிக்கும். கத்திக்கொண்டு ஓடுகிற குட்டியெல்லாம் வெளியாருக்கு. அசையாமல் தூங்குகிற குட்டி வீட்டுக்கு. அதுதான் தைரியசாலியாம். அடுத்த ஈற்றுக்குத் தாயும் அதுதான், தகப்பனும் அதுதான்.

அப்படித் தூங்குகிறவற்றில் வீட்டுக்கு வைத்தது போக மிச்சத்துக்குத் தறி வீடுகளில் அடிதடி. பெட்டி அடித்தால் குரைக்காது, நெய்ய விரித்த பாவு நூலில் விழுந்து புரளாது. எல்லம்மாளும் தலையை நிமிர்த்திக்கொண்டு நடப்பாள். அப்படிப் பொறுக்கிய மூன்றாம் தலைமுறைதான் மல்லி. அவளுடைய கூடப்பிறந்தவள் சின்னி, மிதித்த மாத்திரத்தில் அலறி என் புடவைக்குள் புகுந்துகொண்டாள். “தொடைநடுங்கி! உன்னாட்டமே இருக்குது, நீயே வெச்சிக்கோ” என்று எல்லம்மாள் என்னிடம் தள்ளிவிட்டாள். நான் வைத்துக்கொண்டேன். மூன்று வருஷமாகத் தினம் அந்தக் கேலியையும் வாங்கிக்கொண்டேன்.

இதற்கிடையில் எட்டு குட்டி போட்ட வம்சம் மூன்றுக்கு வந்தது. மூன்றில் ஒன்று பால் குடிக்கத் தெம்பில்லாமல் சாகும். “கண்ணு பட்டுட்ச்சி” என்று எல்லம்மாள் சூடம் சுற்றி வாசலில் கொளுத்தினாள்.

போன தையில் ஏனாத்தூர் வரதராஜன் பைக்கில் வந்து இறங்கினான். மல்லியின் ஈற்றில் தூங்கின குட்டி ஒன்றை வாங்கிப் போனவன். முகம் வெளிறிக் கிடந்தது.

“எல்லம்மாக்கா, உன் நாய்க்குக் காது கேக்கல. ஷேர் ஆட்டோக்காரன் பின்னால ஆரன் அடிச்சிக்கினே வர்றான், இது பாட்டுக்கு நடுரோட்ல போவுது. கடைசி நிமிஷத்துல அவன் ஒடிச்சித் திருப்பினான். உள்ள காலேஜ் புள்ளைங்க ஆறு பேரு. ஒண்ணு ஆயிருந்தா யாருக்கா பதில் சொல்றது?”

எல்லம்மாள் குதி குதியென்று குதித்தாள். “எந்த வாயால சொல்றே? எங்க நாய்க்கா செவிடு? டேய், இதோ பாரு” என்று தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். திண்டில் சாய்ந்திருந்த மல்லி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். “பார்த்தியா?” என்றாள் எல்லம்மாள்.

வரதராஜன் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான். மறுநாள் கால்நடை டாக்டர் ரூக்ஷாரைக் கையோடு அழைத்து வந்துவிட்டான். சின்ன வயசுப் பெண், அதிர்ந்து பேசமாட்டாள். மல்லியை மெத்தைமேல் நிற்க வைத்து, பின்னால் போய் விசில் ஊதினாள். எங்களுக்குக் காது கிழிந்தது. மல்லி வாலைக்கூட ஆட்டவில்லை. தட்டைத் தட்டினாள், சாவிக்கொத்தைக் குலுக்கினாள். மல்லி அவள் பாட்டுக்கு ஜன்னல் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லம்மாளின் மற்ற நாய்களும் அப்படித்தான்.

“நீங்க மிதிக்கும்போது தரை அதிருது இல்லையாம்மா, அதை வெச்சுத்தான் திரும்புது, மெத்தை மேலன்னா அதுவும் தெரியாது. காதால இல்ல” என்றாள் டாக்டர். “முழு வெள்ளை நாய்ங்களுக்கு இந்தக் குறை வர வாய்ப்பு இருக்குது. ரத்தத்துக்குள்ளயே சேர்த்தா இன்னும் கெட்டியா பிடிச்சிக்கும். ஆனா வீடு முழுக்க எப்படி இப்படி? தாய்க் குட்டிய எதை வெச்சும்மா பொறுக்கினீங்க?”

எல்லம்மாள் அப்போதும் பெருமையாகத்தான் சொன்னாள், தறியை மிதிப்பதையும், தூங்குகிற குட்டியை எடுப்பதையும். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. கடைசி வார்த்தையை அவள் முடிக்கவில்லை.

டாக்டர் மெதுவாகச் சொன்னாள்: “காது கேக்கிற குட்டிய எல்லாம் வெளிய அனுப்பிட்டீங்க. கேக்காததா பார்த்துப் பார்த்து வெச்சிருக்கீங்கம்மா.”

எல்லம்மாள் மல்லியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பதினெட்டு வருஷமாக எதிர்பார்த்த நாள் அது. வாயில் ஆயிரம் வார்த்தை இருந்தது. அவள் மல்லியின் காதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நான் கூப்ட்டது ஒண்ணுகூட கேக்கலியாம்மா உனக்கு?” என்று அழ ஆரம்பித்ததும் எல்லாம் போய்விட்டது. நானும் அழுதேன்.

இரண்டு நாள் எல்லம்மாள் தறியில் உட்காரவில்லை. மூன்றாம் நாள் கிளம்பி, குட்டி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், “ரோட்ல அவுத்து வுடாதீங்க, தப்பு என்னுதுதான்” என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒருவர்கூட நாயைத் திருப்பித் தரவில்லை. அதிலும் அவளுக்கு ஓர் அழுகை.

மல்லிக்கு இனிமேல் குட்டி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். வம்சம் வேண்டுமென்றால் நன்றாகக் காது கேட்கிற ஒன்று வேண்டும். அதற்கும் உறவே இல்லாத, நிறமுள்ள வெளிநாயாகச் சேர்க்க வேண்டும். அப்படியும் குட்டிகளைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றாள். வீட்டில் காது கேட்கிறது யாருக்கு? என் தொடைநடுங்கிக்கு.

எல்லம்மாள் என் வாசலில் வந்து நின்றாள். கோலத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

“இன்னாக்கா?” என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

“சின்னிய... ஒரு ஈத்துக்குக் குடுடி.”

“யாரு, தொடைநடுங்கியவா?”

“போதும்டி. காலுல வுழணுமா?”

விழ வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான்.

திருமுக்கூடலில் அப்பாதுரை என்பவரிடம் செம்மண் நிறத்தில் ஒரு சிப்பிப்பாறை நாய் இருந்தது. முயலின் மூச்சுக்குக்கூடக் காதைத் தூக்குமாம். “வெள்ளப் பட்டுல செம்மண்ணக் கொட்டப் போறேன்” என்று பஸ்ஸில் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தாள் எல்லம்மாள். ஆனாலும் இறங்கியதும் சின்னியின் கயிற்றை என்னிடமிருந்து வாங்கி, அவளே முன்னால் நடந்தாள்.

சின்னி ஆறு குட்டி போட்டாள். ஆறும் பிழைத்தன. ஒன்றுக்கு முதுகில் செம்மண் திட்டு, ஒன்றுக்குப் பாதி முகம், ஒன்று முழுச் செவலை. இருபத்தைந்தாம் நாள் மெத்தைமேல் கொண்டுவந்து விட்டோம். எல்லம்மாள் குழிக்குள் காலை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“மிதிக்கா.”

“நீ மிதியேன்.”

“எனக்கு உன் தறி பழக்கமில்ல, மிதி.”

“ஒண்ணு தூங்கிட்டாலும் நான் தாங்க மாட்டேன் தேவகி” என்றாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மிதி.

தடால்! ஆறும் ஆறு பக்கம் தெறித்து ஓடின. ஒன்று என் மடியில் மூத்திரம் போய்விட்டது, ஒன்று நூல் கூடைக்குள் தலைகீழாக விழுந்தது. கூச்சலென்றால் அப்படியொரு கூச்சல். சின்னி வேறு வாசலில் இருந்து குரைத்துத் தள்ளினாள். எல்லம்மாள் கண்ணைத் திறந்து, “எல்லாம் ஓடிட்ச்சிங்களா? ஆறுமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அந்த மாதிரி அவள் சிரித்து நான் கண்டதில்லை.

முழுச் செவலையைத்தான் அவள் வைத்துக்கொண்டாள். அது மல்லியை விட்டு ஒரு அடி நகராது. போன வாரம் மல்லி தறியோரம் படுத்திருந்தாள், செவலை பக்கத்தில். தெருவில் வரதராஜனின் பைக் சத்தம். செவலை காதைத் தூக்கிற்று. மல்லி அதன் முகத்தைப் பார்த்தாள், அது பார்த்த பக்கம் பார்த்தாள். ஆள் கண்ணுக்குத் தெரியும் முன்பே எழுந்து வாசலுக்கு ஓடினாள், வாலை ஆட்டிக்கொண்டு.

எல்லம்மாள் நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“தேவகி, பார்த்தியாடி? எம் பொண்ணுக்குக் காது வந்துட்ச்சிடி.”