நல்ல தண்ணி

அக்கா மகன் பாலைவனத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தான். மற்றவர்கள் அங்கிருந்து சென்ட் கொண்டுவருவார்கள். இவன் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்திருந்தான்.

அங்கே பாஸ்பேட் பாறை வெட்டும் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். கம்பெனி டேங்கரில் குடிநீர் அனுப்புகிறது. ஆனால் முகாமிலிருக்கும் நம்மூர்க்காரர்கள் சுரங்கத்தை ஒட்டிய ஒரு போர்வெல்லைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"டேங்கர் தண்ணி சப்புன்னு இருக்கும் மாமா. இது நல்ல தண்ணி."

அக்கா ஏற்கெனவே ஒரு டம்ளர் குடித்திருந்தாள். "நம்ம கொளத்தூர் போர்ல இப்புடி வருமா? நீயும் குடிச்சுப் பாரு தம்பி."

எங்கள் பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீரெல்லாம் நல்ல தண்ணி. நாக்குதான் ஆய்வகம். நான் நிஜ ஆய்வகத்தில் நிலத்தடி நீரைச் சோதித்து ஓய்வுபெற்றவன். நாக்கின் அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன்.

அவனிடம் சொன்னேன். பாலைவனத்தில் எப்போதோ பெய்யும் மழை பாறைக்குள் இறங்கும்போது முதலில் சுண்ணாம்புதான் கரைந்து போகும். பாஸ்பேட் லேசில் கரையாமல் தங்கிச் செறிவாகும். உன் கம்பெனி பிழைப்பது அதனால்தான். அந்தப் பாஸ்பேட்டில், கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் யுரேனியமும் உட்கார்ந்திருக்கும். காற்றுப் பட்டால் அது கரையும் நிலைக்கு மாறும். கரைந்த சுண்ணாம்பு அதைக் கைபிடித்துத் தண்ணீருக்குக் கூட்டிப்போகும். உங்கள் போரில் இருக்கிறது என்று சொல்லவில்லை, இருக்கலாம். ருசியில் தெரியாது. வருஷக்கணக்கில் குடித்தால் சிறுநீரகத்துக்குத் தெரியும்.

"அப்ப நான் நடமாடுற அணுகுண்டா மாமா?"

அக்கா சிரிக்கவில்லை. "டேங்கர் தண்ணியவே குடிச்சுத் தொலையேன்டா."

"அதுல டீ போட்டா வாயில வைக்க முடியாதும்மா."

மீதித் தண்ணீரை என் பழைய ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வடிகட்டவில்லை, அமிலம் சேர்க்கவில்லை, பாட்டில் குளிர்பானத்துடையது, எடுத்த நாள் எடுத்தவனுக்கே நினைவில்லை. இப்படி எடுத்த மாதிரியைச் சோதிக்கக் கூடாது என்று முறைப்படி திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருப்பி அனுப்பியவர் நான் பழக்கிவிட்டவர். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன்.

"இனிமே டேங்கர்தான் மாமா, போயிட்டு வாரேன்" என்று கிளம்பினான். டாக்டரிடம் தலையாட்டுகிறவனின் குரல்.

போன வாரம் அக்கா வீட்டில் இருந்தபோது வீடியோ காலில் வந்தான். பேச்சின் நடுவே டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தான்.

"என்ன தண்ணிடா அது?" என்றேன்.

"நல்ல தண்ணிதான் மாமா."

அக்கா போனிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள்.