‘ரிஸ்க் ஹை’க்கு நான் ஆட்டிய தலை

லாபிஸில் ரயில் ஏறியவர் என் எதிரே அமர்ந்தார். நரைத்த தலை, காவலாளிச் சீருடை. நொடிக்கொரு தரம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசியில் அதிலிருந்து ஒரு முதலீட்டுப் படிவத்தை எடுத்தார். தன் சேமநிதிப் பணம் முழுவதையும் அதில் போடப்போவதாகச் சொன்னார்.

“அண்ணே, கண்ணாடி போட்டிருக்கீங்க, படிச்சவரு. இதுல ‘ரிஸ்க் ஹை’ன்னு இருக்கு. ஹைன்னா நல்லதுதான்லா, லாபமும் ஹையா வரும்னு ஏஜெண்ட் சொல்றான். சரிதானே?”

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டினேன்.

“அப்ப சரி, நீங்களே சொல்லிட்டீங்க!” என்று சிரித்தபடி, தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். குளுவாங்கில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று மாலை மகளிடம் கேட்டேன். போட்ட பணமே போய்விடக்கூடும் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்றாள். தேடிப் போய்ச் சொல்லலாம் என்றால், அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.