மாடிப்படிக்குக் கீழே ஒரு குளியலறை

பெரிய சமையலறை வேண்டும் என்ற ஆசை டெல்மிரா சரவியாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உண்டு. வாய்த்தது என்னவோ உருகுவே நாட்டுத் தலைநகர் மொந்தெவிதேயோவின் பழைய துறைமுகப் பக்கம் ஒரு வாடகை விடுதியில் ஒற்றை அறைதான். கட்டிலின் கால்மாட்டில் அடுப்பு. குளிர்காலம் வந்தால் சுவரில் பூஞ்சை பூத்து, அலமாரியில் தொங்கும் கோட்டு வரைக்கும் ஏறிவிடும். பகலெல்லாம் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் அண்டா அண்டாவாகக் கிண்டிவிட்டு வருபவள், இங்கே கட்டிலில் உட்கார்ந்து மடியில் பலகையை வைத்து வெங்காயம் நறுக்குவாள்.

அதனால்தான் அவளும் புருஷன் வாஷிங்டனும் செரோ மேட்டில் வீடு கட்டும் கூட்டுறவில் சேர்ந்தார்கள். இருபத்தெட்டுக் குடும்பங்கள். வார இறுதி தவறாமல் எல்லாரும் வந்து கலவை குழைக்க வேண்டும், கல் அடுக்க வேண்டும். எந்த வீடு யாருக்கு என்பது கடைசியில் குலுக்கலில்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு சுவரையும் தன் வீட்டுச் சுவர் மாதிரி நினைத்துக் கட்டியாக வேண்டும்.

வேலை தொடங்குவதற்கு முன்பே வாஷிங்டனுக்குப் பக்கவாதம் வந்தது. லாரி ஓட்டியவன், சுமை இறக்கும் இடத்தில் சரிந்து விழுந்தான். பேச்சு திரும்பியது. இடது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விடுதியில் எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து நடையின் கோடியில் ஒரே குளியலறை. பிடித்து நடக்கும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவன் முன்னே போக, டெல்மிரா இடுப்பைத் தாங்கிக்கொண்டு பின்னே போவாள். உள்ளே போனதுமே வெளியே கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

"எவ்வளவு பெரிய லாரிய துறைமுகத்துக்குள்ள ஒத்தக் கையால திருப்பினவன் நான். இப்ப ஒரு வாளித் தண்ணி ஊத்த ரெண்டு ஆள் வேண்டியிருக்கு பாரு" என்பான்.

கூட்டுறவின் கொட்டகையில் மாட்டியிருந்த வரைபடத்தை அதற்குப் பிறகுதான் டெல்மிரா சரியாகப் பார்த்தாள். படுக்கையறைகள் மாடியில். குளியலறையும் மாடியில்.

கட்டடங்களை வடிவமைத்த அனஹியிடம் போய்க் கேட்டாள். அனஹி உடனே சொன்னாள்: "ஒரு வீட்ட மட்டும் உங்களுக்குன்னு மாத்திடலாம், டெல்மிரா. குலுக்கல்ல சேர்க்க வேணாம்."

வாஷிங்டன் ஒத்துக்கொள்ளவில்லை. "பரிதாபத்துல கட்டின வீடுன்னு ஊரே கை காட்டும். அதுல நான் குடியிருக்க மாட்டேன்."

டெல்மிரா பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றாள். எல்லா வீட்டிலும் கீழேயே குளியலறை வேண்டும் என்று கேட்டாள். நாளைக்கு யாருக்குக் கால் உடையும், யாருக்கு வயசாகாமல் போகும் என்று கேட்டாள். முடி திருத்தும் கடை வைத்திருக்கும் நிடியா பின்தோஸ் சும்மா இருப்பாளா?

"உன் புருஷன் காலுக்காக எங்க எல்லார் வீட்டு ஹாலயும் குறுக்கணுமா? மேசை போட்டா நாங்க சுவர்ல ஒட்டிக்கிட்டா சாப்பிடறது?"

கொட்டகையில் சிரிப்பு. டெல்மிராவுக்கு முகம் சிவந்துபோயிற்று. அப்போது அனஹிதான் குறுக்கே புகுந்தாள். "காகிதத்துல சண்டை போட்டா முடியாது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் நாற்காலி, மேசையோட வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பந்தாட்டத் திடலில் சுண்ணாம்புக் கோட்டால் முழு வீட்டையும் வரைந்தார்கள். நிஜ மேசை, நிஜ சோபா, ஒரு பழைய மெத்தை. மாத்தே கஷாயத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் குடித்தபடி கோட்டு வீட்டுக்குள் குடித்தனம் நடத்திப் பார்த்தார்கள். ஒருவர் சுவர் வழியாக நடந்துவிட்டால் மற்றவர்கள் கத்தினார்கள். நிடியா சொன்னதும் நிஜம்தான்: ஹாலில் ஒரு சாண் குறைத்தாலும் மேசை போட முடியவில்லை. மாடிப்படியின் கீழே இருந்த மூலை மட்டும் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. வாக்கரோடு வாஷிங்டன் அதில் நுழைந்து பார்த்தான். திரும்ப இடமில்லை.

அனஹி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சமையலறைலேருந்து ஒரு மீட்டர் எடுத்தா போதும்."

டெல்மிராவின் சமையலறைக் கனவு அங்கே எல்லாருக்கும் தெரியும். கூட்டம் கூடும்போதெல்லாம் அதைப் பற்றித்தானே பேசுவாள். அவள் கோட்டுச் சமையலறையின் நடுவில் போய் நின்றாள். பிறகு செருப்புக் காலால் ஒரு பக்கத்துக் கோட்டைத் தேய்த்து அழித்தாள்.

"இது சமையலறை இல்ல, அலமாரி. சரி, போடு கோட்ட" என்றாள்.

"விட்டுக்கொடுக்கறது நீ. குறையறது என் சமையலறையும்தானே?" என்றாள் நிடியா.

ஓட்டெடுப்பில் நான்கு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. நிடியா எதிர்த்தே கை தூக்கினாள்.

அனஹி சின்னச் சமையலறையை மறுபடி வரைந்தாள். அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் மூலை மடக்கி, எட்டினால் கைக்குக் கிடைக்கிற மாதிரி. குளியலறைச் சுவரை ஒட்டியே தொட்டி வந்ததால் இரண்டுக்கும் ஒரே குழாய். குளியலறைக் கதவைப் பற்றி வாஷிங்டன் ஒன்று சொன்னான். "வெளிப்பக்கமாத் திறக்கணும். உள்பக்கமாத் திறந்தா, நான் விழுந்துட்டா கதவ மறிச்சிக் கிடப்பேன். எப்படி என்ன வெளிய எடுப்பீங்க?" அனஹி அங்கேயே திருத்தினாள்.

கட்டி முடிக்க இரண்டு குளிர்காலம் ஆயிற்று. வாஷிங்டன் நிழலில் உட்கார்ந்து கம்பி வளைத்தான், ஓடு தரம் பிரித்தான், எல்லார் வேலையையும் குறை சொன்னான். குலுக்கலில் நிடியாவுக்கு நல்ல வெயில் விழும் வீடு. டெல்மிராவுக்குத் தென்கோடி வீடு. மேட்டுக்குக் கீழே விரியும் ஆற்றின் குளிர்காற்று முதலில் அடிப்பது அதன் சுவரில்தான். டெல்மிரா அன்று சாயங்காலம் முழுக்கப் புலம்பினாள்.

குடிபோன மறுநாள் வாஷிங்டன் துண்டை எடுத்துக்கொண்டு கீழே குளியலறைக்குள் போனான். கதவைச் சாத்தினான். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. டெல்மிராவுக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஏ கிழவி, கதவுகிட்ட நிக்கிறியா?"

"இல்லையே."

"கால் நிழல் தெரியுது. போ, போய் வேலையப் பாரு."

அவள் அலமாரிச் சமையலறைக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அடுப்பைப் பற்றவைத்தாள்.

இப்போது சனிக்கிழமை தவறாமல் வாஷிங்டனின் பழைய லாரிச் சகாக்கள் சீட்டாட வருகிறார்கள். விடுதியில் இருந்தபோது ஒருவரையும் அவன் வரவிட்டதில்லை. நிடியாவும் மார்மலேடு வைத்த பணியாரத்தோடு வருவாள். சமையலறை சின்னது என்று இன்றைக்கும் சொல்வாள். சொல்லிக்கொண்டே டெல்மிராவின் பக்கத்தில் இடித்துப் பிடித்து நின்று தட்டுகளைக் கழுவிக் கொடுப்பாள். ஹாலில் வாஷிங்டன் சீட்டை மேசையில் அறைந்து, கள்ளாட்டம் கள்ளாட்டம் என்று கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும்.