புத்தலப்பட்டுக்கு நான் வி சிக்ஸ் கொடுத்த கதை

பதினாறு வருஷமாகச் செய்கிற வேலையை எனக்கே திரும்பக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது முதலில் வந்தது கோபம்தான். சித்தூரில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறவன் நான். கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் இழுத்து, சுற்றுவட்டார ஊர்களுக்கு இணைப்பு கொடுக்கிற கம்பெனி. இன்டர்நெட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முகவரி வேண்டும். எங்களிடம் இருந்த பழைய வி ஃபோர் முகவரிகள் எப்போதோ தீர்ந்துபோய்விட்டன. ஒரு தெரு முழுக்க ஒரே முகவரியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. தெருவில் ஒருவன் ஏதாவது சேட்டை செய்தால் எங்கோ இருக்கிற இணையதளம் தெருவையே வெளியே தள்ளும். திட்டு எனக்கு விழும். கடைசியில் முதலாளி, புதிய வி சிக்ஸ் முறைக்கு மாறியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்து, என்னையும் கூட வேலை செய்யும் ஒரு பெண்ணையும் திருப்பதியில் ஐந்து நாள் வகுப்புக்கு அனுப்பினார்.

அந்தப் பெண் புத்தூர்க்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவாள். நான் எதையும் எழுதுவதில்லை. எங்கள் நெட்வொர்க்கில் உள்ள அத்தனை ரூட்டரின் முகவரியும் எனக்கு மனப்பாடம். பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. முதல் நாள் வாத்தியார் போர்டில் ஒரு வி சிக்ஸ் முகவரியை எழுதினார். எழுத்தும் எண்ணும் கலந்து, போர்டின் இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரம் வரை போனது. என் பதினாறு வருஷ மனப்பாடம் அந்த ஒரு வரியோடு காலி என்று புரிந்தது.

ஒரு வீட்டுக்கு எத்தனை முகவரி கொடுப்பீர்கள் என்று வாத்தியார் கேட்டார். நாலு, என்றேன். வகுப்பே சிரித்தது. ஒரு வீட்டுக்கே கணக்கு வழக்கில்லாமல் கொடுக்கலாமாம், அவ்வளவு இருக்கிறதாம். காலமெல்லாம் கஞ்சத்தனமாகப் பங்கிட்டுக் கொடுத்த கை, சட்டென்று எப்படி அள்ளிக்கொடுக்கும்?

மூன்றாம் நாள் பாடம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். பழைய முறையில், ஒரு பாக்கெட், அதாவது தகவலைக் கட்டி அனுப்புகிற பொட்டலம், வழியில் உள்ள பாதைக்குப் பெரிதாக இருந்தால், நடுவில் இருக்கிற ரூட்டரே அதைப் பிரித்து அனுப்பும். வி சிக்ஸில் பிரிக்காது. அனுப்பியவருக்கே, 'பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு' என்று ஒரு சேதி திருப்பி அனுப்பும். வாத்தியார் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மாங்காய் லாரி ஒன்று தாழ்வான பாலத்துக்கு அடியில் போக முடியாமல் நிற்கிறது. அந்தக் காலத்தில் பாலத்தருகே ஆள் வைத்துச் சரக்கைப் பிரித்து ஏற்றினார்கள். இப்போது மண்டிக்கு ஒரு சீட்டு அனுப்புகிறார்கள், அடுத்த லாரியில் குறைவாக ஏற்று என்று. அந்தச் சீட்டு போய்ச் சேராவிட்டால் மண்டிக்காரன் அதே உயரத்துக்குத்தான் ஏற்றிக்கொண்டிருப்பான், ஒரு லாரியும் ஊருக்குள் வராது. அந்தச் சீட்டும், நாம் லைன் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற பிங்கும் ஒரே ஜாதி, ஒரே வாசல். "பிங்கை மூடுறது பழைய பழக்கம். இங்க மூடினீங்கன்னா கதை முடிஞ்சுது" என்றார்.

ஐந்தாம் நாள் பரீட்சையில் இதே கேள்வி வந்தது. நான் சரியாகத்தான் எழுதினேன். சர்டிபிகேட்டும் வாங்கிவந்தேன். முதலாளி அதை ஃபிரேம் போட்டு மாட்டச் சொன்னார்.

முதலில் புத்தலப்பட்டை மாற்றுவது என்று முடிவானது. சித்தூரிலிருந்து திருப்பதி போகிற வழியில் இருக்கிற ஊர். வீடுகள் குறைவு, ஏதாவது தப்பானாலும் சேதம் குறைவு. ஒரு ஞாயிறு காலை, டிபனை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். என்னிடம் ஒரு ஃபைல் உண்டு. எந்த ஊருக்குப் புது ரூட்டர் வைத்தாலும் அதிலிருந்துதான் வெட்டி ஒட்டுவேன். எனக்கு முதலில் வேலை கொடுத்தவர் போட்டுக்கொடுத்த ஃபைல் அது. அதன் முதல் வரியே பிங்கை மூடுவதுதான், போகிற பக்கமும் வருகிற பக்கமும். வெளியாள் தட்டினால் வீட்டில் ஆள் இருப்பது தெரியக்கூடாது என்பார் அவர். எங்கள் பக்கத்தில் வேலை கற்ற எல்லோருமே இப்படித்தான், சாமி கும்பிட்டுவிட்டுக் கடை திறக்கிற மாதிரி, அந்த வரியைப் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடுவோம். நான் ஒவ்வொரு வரியாக வி சிக்ஸுக்கு மாற்றி எழுதினேன். அந்த வரியையும் மாற்றி எழுதினேன். எழுதும்போது மனதில் ஒன்றுமே தட்டவில்லை. பத்தரை மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. ஊர் முழுக்கப் படம் ஓடியது, பாட்டு ஓடியது.

திங்கட்கிழமை ஒரு அம்மா கூப்பிட்டார். திருத்தணியிலிருந்து புத்தலப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கிற வேலை.

"சார், நேத்துலருந்து ஆபீஸ் வேலை ஓடல. பேர் அடிச்சு உள்ள போற வரைக்கும் வருது. ஃபைலத் தொறந்தா மட்டும் சுத்திகினே கீது."

மற்றதெல்லாம் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றார். ஸ்பீடு பார்க்கச் சொன்னேன். பிரமாதமாக இருந்தது. ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லிவிட்டு, கம்ப்ளைன்ட்டை மூடினேன்.

புதன்கிழமை மறுபடி கூப்பிட்டார். லேப்டாப்பைக் காட்டுங்கள் என்றேன். கடைக்குப் போய்க் காட்டியாகிவிட்டது, அங்கே கடைக்காரர் லைனில் நன்றாக ஓடுகிறது என்றார். அப்படியானால் உங்கள் ஆபீஸ் பக்கம்தான் தகராறு என்றேன். அதையும் மூடினேன். ஊரில் வேறு யாரும் கூப்பிடவில்லையே, இவருக்கு மட்டும் என்ன வந்தது என்று எரிச்சலாக இருந்தது. முதலாளி கேட்டபோது, ஒரு கம்ப்ளைன்ட்கூட இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவர் குரல் மாறியிருந்தது.

"சார், கொழந்தைக்குப் பதினோரு மாசம். அவரு ஸ்ரீசிட்டி கம்பெனில ஷிப்ட்டு, வாரத்துக்கு ஒரு தபாதான் வருவாரு. கொழந்த பொறந்ததுக்கோசரம் கெஞ்சிதான் வீட்லருந்து வேலைன்னு வாங்கினேன். லைன் சரியில்லன்னா திங்கக்கிழமை பெங்களூருக்கே வந்துடுன்னு சொல்லிட்டாங்க. அங்க ஆஸ்டல்ல கொழந்தய சேத்துக்க மாட்டாங்க சார். போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க இன்னா மாத்தினீங்கன்னு மட்டும் பாருங்க சார்."

என்ன மாற்றினேன் என்று என்னிடமே கேட்கிறாரே என்று சுருக்கென்றது. "நாங்க ஒண்ணும் தப்பா மாத்தலம்மா. லைன் பக்கா. உங்க ஆபீஸ்ல கேளுங்க" என்றேன். சர்டிபிகேட் எனக்கு நேர் எதிரேதான் மாட்டியிருந்தது. மூன்றாவது தடவையாக மூடினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை புத்தூர்க்காரி போன வாரத்துக் கம்ப்ளைன்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து பாகாலாவை மாற்ற வேண்டும், அதற்காக.

"அண்ணா, இந்த அம்மா மூணு தபா கூப்டுகீறாங்க. நீங்க மூணு தபாவும் மூடிகீறீங்க."

"அவங்க ஆபீஸ் பிரச்சனை."

"சின்னதெல்லாம் வருது, ஃபைல் மட்டும் வரலன்னா பெரிய பாக்கெட்டு நிக்குதுன்னுதானே அர்த்தம்? ஒக்க நிமிஷம், உங்க ஃபைலக் காட்டுங்க."

காட்டினேன். அவள் மேலிருந்து கீழே போகவே இல்லை. முதல் வரியிலேயே விரலை வைத்தாள்.

"இத கிளாஸ்ல சொன்னாங்க இல்லண்ணா."

"சொன்னாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பெரிய தளங்களெல்லாம் முன்ஜாக்கிரதையாகச் சின்னப் பாக்கெட்டாகவே அனுப்புகின்றன, அதனால்தான் ஊருக்குப் படம் ஓடியது. அந்த பெங்களூர் ஆபீஸ் முழு அளவில் அனுப்பியது. பாதையில் அது நுழையவில்லை. எங்கள் ரூட்டரும் ஒழுங்காகத்தான் ஒவ்வொரு தடவையும், சின்னதாக அனுப்பு என்று சீட்டு எழுதியது. அதை எங்கள் வாசலிலேயே நான் கிழித்துப்போட்டுக்கொண்டிருந்தேன். வரியை மாற்றினேன். மேஜையில் இருந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்த அம்மாவின் நம்பருக்குப் போட்டேன். எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு புத்தலப்பட்டுக்குப் போனேன். போனில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிற விஷயமாக எனக்குப் படவில்லை.

வீட்டில் அவருடைய மாமனார் இருந்தார். ஆர்டிசி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். குழந்தை அவர் இடுப்பில் இருந்தது. மாமியார் உள்ளே குழந்தைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நெட்டு ஆளா? வாப்பா. லைனெல்லாம் நல்லாத்தான் கீது. மருமவகூட தெனம் பேசிகினுதான் கீறோம்."

"அவங்க இல்லையா?"

"ஞாயித்துக்கிழமையே பெங்களூர் போய்ட்டா. இனிமே ஆபீஸ்தானாம், வீட்லருந்து கெடையாதுன்னு எழுதி வாங்கிகினாங்க. இவன் ரெண்டு நாளா சரியா துன்னல."

லைன் இப்போது சரியாகிவிட்டது, அவர் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லத்தான் வழியெல்லாம் வாக்கியம் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். எழுதி வாங்கியதற்கு நான் என்ன செய்ய முடியும்? "தப்பு எங்க பக்கம்தான் பெரியவரே. நான் போட்ட ஒரு வரி" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அந்த நேரம் அவர் போன் அடித்தது. அங்கே சாப்பாட்டு வேளை போல.

"அவதான். இந்தா, நீயே சொல்லு" என்று வீடியோ காலைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையோடு என் பின்னால் வந்து நின்றார்.

திரையில் அந்த அம்மா. மூன்று தடவை பேசியிருந்தும் முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன். நான் யார் என்று சொன்னேன். "நீங்க கேட்டது சரிதாம்மா. நான்தான் தப்பா மாத்திட்டேன். இன்னிக்குதான் பாத்தேன். மன்னிச்சுடுங்க" என்றேன்.

அவர் முகம் அசையவில்லை, கண்கூட இமைக்கவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பதறி, பழக்கதோஷத்தில் திரையின் மூலையில் சிக்னலைப் பார்த்தேன். முழுதாக இருந்தது. படம் நிற்கவில்லை. அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நகருங்க சார்" என்றார். "கொழந்த தெரீல."

நான் நகர்ந்துகொண்டேன்.