மைத்துனர் பெயரில் நான் எழுதிய தேர்வு

மைத்துனரின் கால்பந்துப் பயிற்சியாளர் லைசென்ஸ் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வருடம் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் என் மனைவி. ஆன்லைன் தேர்வில் அண்ணன் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டார் என்று அவளுக்குப் பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

அவர் என் மனைவிக்கு மூத்தவர். அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்களுக்கு அடுத்த பிளாக்கில் குடியிருந்தார். வாரம் ஐந்து நாளும் ஒரு மருந்துக் கம்பெனியின் கம்ப்யூட்டர் முன்னால் முகத்தைத் தொங்கப் போட்டிருப்பவர், சனிக்கிழமை காலை மைதானத்தில் இறங்கினால் வேறு ஆள். கல்லூரி அணியில் ஆடியவர். ஆட்டம் தெரியாதவர் என்று அவரை எதிரியும் சொல்ல முடியாது. என் மகள் ஆடிய சிறுமிகள் அணிக்கு அவர்தான் கோச். ஆவேசம் வந்தால் தமிழில்தான் கத்துவார். அணியிலிருந்த சீனப் பெண்ணுக்குக்கூட "ஆளைப் புடி, ஆளைப் புடி" என்றால் புரியும்.

அப்போதுதான் லைசென்ஸ் இல்லாமல் யாரும் கோச்சாக இருக்க முடியாது என்று கிளப்பில் சொன்னார்கள். ஒரு நாள் மைதானப் பயிற்சி, அதோடு ஆன்லைன் பாடங்களும் தேர்வும். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "லைசென்ஸ் என் கால்ல இருக்கு மாப்ள. இவனுங்க எனக்குச் சொல்லித் தரப் போறானுங்களா?" மைதானப் பயிற்சிக்கு மட்டும் சந்தோஷமாகப் போய் ஓடிவிட்டு வந்தார். ஆன்லைன் பாடத்தை என் தலையில் கட்டினார். "நீதான் ஆபீஸ்ல இந்த ட்ரெயினிங்கெல்லாம் தட்டித் தட்டி முடிக்கிறியே, இதையும் அப்படியே முடிச்சு விட்டுரு."

உண்மைதான். நான் அதில் கில்லாடி. ஐடியில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவன் யாரும் கட்டாயப் பயிற்சியைப் படித்ததில்லை. மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு, அவருடைய பாஸ்வேர்டில் உள்ளே போனேன். எந்தப் பக்கத்தையும் உடனே தாண்ட விடாமல் ஒரு கடிகாரம் ஓடியது. அது ஓடட்டும் என்று காபி எடுத்து வரப் போனேன். தேர்வுக்கு எங்கள் சூத்திரம் ஒன்று உண்டு: நான்கு பதில்களில் எது நீளமோ அதுதான் சரி. தலையில் அடிபட்ட குழந்தை தனக்கு ஒன்றுமில்லை என்கிறது, நீ என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி. வெளியே உட்கார வை, அன்று மறுபடி இறக்காதே, மருத்துவர் எழுதித் தரும்வரை ஆடவிடாதே என்பதுதான் நீளமான பதில். தட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.

அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை. கார்னர் பந்துக்குத் துள்ளிய என் மகளும் எதிரணிப் பெண்ணும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். என் மகள் எழுந்து கோட்டோரம் வந்து, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். மைத்துனர் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்து, எத்தனை விரல் என்று கேட்டார். சரியாகச் சொன்னாள். "ஒண்ணுமில்லடா கண்ணு, ஓடு." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்த நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது. யாரோ ஓங்கி உதைத்த பந்து அதே தலையில் வந்து விழுந்தது. உட்கார்ந்து வாந்தியெடுத்தாள்.

முதல் அடியோடு நிறுத்தியிருந்தால் சில வாரங்களில் தேறியிருப்பாள் என்றார் மருத்துவர். அந்த வருடம் முழுக்க ஜன்னல் திரைகளை இழுத்துவிட்ட அறையில் கிடந்தாள். நாளுக்கு ஒரு புத்தகம் படித்தவளுக்கு இரண்டு பக்கம் புரட்டினால் தலை பிளந்தது.

கிளப்பில் விசாரணை வைத்தார்கள். பெண்ணின் அப்பா என்று என்னையும் அழைத்திருந்தார்கள். அவருடைய தேர்வுத்தாளைத் திறந்து, இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தந்திருக்கிறீர்களே, பிறகு ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டார்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை. "அவசரத்தில் மறந்துவிட்டேன்" என்றார். லைசென்ஸ் போயிற்று. வெளியே கார் பார்க்கிங்கில், நான் சொல்லியிருக்க வேண்டும் என்று முனகினேன். "படிக்காம விட்டவன் நான்தானே. தங்கச்சி ஒருத்தன் மேல கோவப்பட்டாப் போதும் மாப்ள" என்று காரில் ஏறிவிட்டார்.

என் மனைவி ஃபிரிட்ஜிலிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். அண்ணனோடு அதன்பின் பேசவேயில்லை. அவர் வேலையை மாற்றிக்கொண்டு நாட்டின் மறுகோடியில் இருக்கும் சான்டா கிளாராவுக்குப் போய்விட்டார். அங்கே எந்த மைதானத்துக்கும் போவதில்லை என்று கேள்வி. ஒன்றை ஒருமுறை காதில் வாங்கினால் மறக்காத மனிதர் அவர். அந்தப் பாடத்தைப் படித்திருந்தால் அன்று என் மகளைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார். அதைப் படிக்கும் கட்டாயத்திலிருந்து அவரைக் காப்பாற்றிய புண்ணியவான் நான். லைசென்ஸ் வெறும் காகிதம் என்று இங்கே பல அப்பாக்கள் இப்போதும் என்னிடம் சொல்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

மகளுக்கு இப்போது பதினாறு. ஆட முடியாது என்பதால், சின்னக் குழந்தைகளின் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் அதே ஆன்லைன் பாடத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தாள். நடுநடுவே கண்ணை மூடி ஓய்வெடுத்து, ஒரு வரி விடாமல், நான்கு நாட்கள். தலைக்காயம் பற்றிய பக்கத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். மாமா இதற்குச் சரியான பதில்தான் எழுதினார் என்று அம்மா சொன்னாளே, அப்படியானால் தெரிந்தேதான் என்னைத் திரும்ப உள்ளே அனுப்பினாரா?

"அவசரத்துல மறந்திருப்பாரும்மா" என்றேன்.

"இதையா?" என்றாள். பிறகு அடுத்த பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.