குறுக்காகப் படுக்க வேண்டும்

மாங்கனித் திருவிழாவுக்கு அத்தையோடு வந்த மாமா அந்த வருடம் பிரான்சிலிருந்து இரண்டு தூளிகள் கொண்டுவந்தார். தூளி என்று சொன்னது நாங்கள்தான். காட்டில் கேம்ப் போடுகிறவர்கள் மரத்துக்கு மரம் கட்டிப் படுத்துக்கொள்வது என்று மாமா எவ்வளவோ விளக்கினார். அம்மா கேட்பதாக இல்லை.

"இதையாடா காசு குடுத்து வாங்கியாந்த? எம் பொடவையக் கட்டுனா ஆவாதா?" என்று தன் தம்பியைக் கேட்டாள்.

ஒன்று வலை. இரு முனையிலும் மரச்சட்டம் வைத்து, விரித்த பாயைப் போல அகலமாக இருந்தது. மற்றொன்று பாராசூட் துணி. சின்னப் பைக்குள் சுருண்டு கிடந்தது. "ரெண்டுலயும் படுத்துப் பாத்து எது நல்லதுன்னு சொல்லு. நல்லது ஒனக்கு, இன்னொண்ணு எங்களுக்கு" என்றார் மாமா. எனக்கு ஒன்பது வயது. அப்படியொரு பொறுப்பை அதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

எங்கள் கோவில்பத்து வீட்டுக் கொல்லையில் தென்னைகளுக்கு நடுவே இரண்டையும் கட்டினார். வயிற்றின் மேல் டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு படுப்பது என் சோதனை. வலை பார்க்கத்தான் ராஜபோகம். கொஞ்சம் ஒருக்களித்தால் போதும், கவிழ்த்துவிடும். மாமா ஏறும்போதே குப்புற விழுந்தார். லுங்கியும் அவருமாக மணலில் கிடந்ததைப் பார்த்து அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "மெதுவா, மெதுவா" என்று பதறி ஓடிய அம்மா, விழுந்த தம்பியை விட்டுவிட்டு அத்தையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

துணியில் யாரும் விழவில்லை. ஆனால் நேராகப் படுத்தால் முதுகு வாழைப்பழம் மாதிரி வளைந்தது. புரண்டு புரண்டு பார்த்து நானே ஒன்று கண்டுபிடித்தேன்: குறுக்காகப் படுத்தால் முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

ஒருநாள், எது முதலில் ஆடி நிற்கிறது என்று பார்க்க, இரண்டையும் காலியாக ஆட்டிவிட்டேன். அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"வெறுந் தூளிய ஆட்டாதடி. கொழந்தைக்கு வயித்துவலி வரும்."

"நம்ம வூட்லதான் கொழந்தையே இல்லையேம்மா?"

அம்மா கயிற்றைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் அத்தையும் சோதனையில் இறங்கியிருந்தாள். அம்மிக்குழவியைத் துண்டில் சுற்றி, துணித் தூளிக்குள் வைத்து, ஒற்றை விரலால் ஆட்டிக்கொண்டிருந்தாள். எடை வைத்துப் பார்ப்பது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பொறாமையாக இருந்தது.

"நேரா வெக்கக் கூடாது அத்தே. குறுக்க வெக்கணும்" என்றேன்.

அத்தை திருப்பி வைத்தாள். "இப்ப சரியாடி?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் துணிதான் நல்லது என்று தீர்ப்புச் சொன்னேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத நா எடுத்துக்கட்டுமாடி?"

"நீங்க எந்தக் காட்டுக்குப் போவப் போறீங்க?" என்று அழுதேன். வாக்குக் கொடுத்த மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். கார் புறப்பட்டபோது நான் கை காட்டவில்லை. என் பங்குக்கு வந்த வலையில் அம்மா துணி காயப்போட்டாள்.

அப்போது அத்தை உண்டாகியிருந்தாள், அதற்கு முன் இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கவில்லை என்பதை எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் வாங்கி வைப்பது எங்களில் வழக்கமில்லை. ஆசையை அடக்கவும் முடியாமல், தொட்டில் என்று வாயால் சொல்லவும் பயந்து, கேம்ப் சாமானாக அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள் அத்தை.

அவர்கள் ஊருக்குப் போன அடுத்த வருடம் ஒரு போட்டோ வந்தது. அந்தத் துணிக்குள் பாப்பா குறுக்காகப் படுத்துத் தூங்கியது. அம்மா போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தத் துணி போனதற்குத்தான் அவளும் அழுகிறாள் என்று நினைத்து, "பரவால்லம்மா, அவங்களே வச்சுக்கட்டும்" என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன்.